எரிமலை விளிம்பில் ஒரு தோப்புக்கரணம்

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். வல்லம் பக்கத்து ஊரில் பெரியப்பாவின் காரியம் முடிந்து, பங்காளிகள் எல்லாம் பந்தலில் உட்கார்ந்திருந்தோம். பெரியப்பா மகனுக்கு, அதாவது என் அண்ணனுக்கு, ஒரே மகள். அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துப் பேசி முடித்ததே பெரியப்பாதான். பேத்தி கல்யாணத்தை மயிலம் மலைமேல் முருகன் கோயிலில் நடத்துவதாக வேண்டிக்கொண்டவரும் அவர்தான். ஆவணியில் கல்யாணம் என்று இருக்கும்போது மனுஷன் சித்திரையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

கல்யாணத்தைத் தள்ளிப்போட வேண்டாம் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. இடம்தான் சிக்கல். சாவு விழுந்தால் பங்காளிகள் ஒரு வருஷம் மலைக்கோயில் ஏறக் கூடாது என்பது எங்கள் வழக்கம். ஆனால் இது செத்தவரே வேண்டிக்கொண்டது, அடிவாரத்தில் ஏதாவது பரிகாரம் செய்துவிட்டு ஏறலாமே என்று வயசானவர்கள் இரண்டு பேர் இழுத்தார்கள். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணப் பெண் நிலைப்படியில் நின்று எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாத்தா செல்லம் அவள். தாத்தா சொன்ன இடத்தில்தான் தாலி ஏற வேண்டும் என்று அம்மாவிடம் அழுதிருந்தாளாம். அது எனக்கும் தெரியும்.

தெரிந்தும் குறுக்கே விழுந்தேன். திண்டிவனத்தில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். நாலு தேசம் போய்வந்தவன் என்று பங்காளிகளிடம் எனக்கு ஒரு மரியாதை உண்டு. நான் பேசினால் கேட்பார்கள். கேட்கிறார்கள் என்பதற்காகவே பேசுகிற ஆள் நான்.

"மலைன்னா மலைதான். யாரு வேண்டிக்கினா என்னா, ஒரு வருஷம் கால் வைக்கக் கூடாது. நாளைக்கு பொண்ணுக்கு ஒண்ணு ஆச்சின்னா யாரு பதில் சொல்றது?" என்றேன்.

பொண்ணுக்கு ஒன்று ஆகிவிட்டால் என்று ஒருத்தன் சொன்ன பிறகு எந்த அப்பன் வாயைத் திறப்பான்? திண்டிவனத்தில் மண்டபம் பார்ப்பது என்று முடிவானது. அவள் திரும்பி உள்ளே போய்விட்டாள். நான் மீசையைத் தடவிக்கொண்டு இன்னொரு காபி கேட்டேன்.

இப்போது என் சுற்றுலாக் கூத்தைச் சொல்ல வேண்டும். விழுப்புரத்தில் ஒன்றாகப் படித்த நாங்கள் நாலு பேர் வருஷத்துக்கு ஒரு தடவை கிளம்பிவிடுவோம். கோயில் குளம், ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் குடும்பத்தோடு. இது வேறு. ஒரு வருஷம் ரிஷிகேஷில் ரப்பர் படகில் கங்கையோடு உருண்டோம். ஒரு வருஷம் வியட்நாமில் தலையில் விளக்கை மாட்டிக்கொண்டு குகைக்குள் இடுப்பளவு தண்ணீரில் நடந்தோம். துபாய்ப் பாலைவனத்தில் பலகைமேல் நின்று மணல்மேட்டில் சறுக்கப் போய், ஒரு வாரம் எதைச் சாப்பிட்டாலும் எனக்குப் பல்லில் மணல் கடித்தது. காசைக் கொடுத்து எமனைக் கூப்பிடுகிற ஆட்கள் என்பாள் என் மனைவி. இந்த வருஷம் ஜாவாத் தீவு. அங்கே புகைந்துகொண்டே இருக்கிற எரிமலை ஒன்றில் ஏறி, அதன் வாய் விளிம்பைச் சுற்றி நடக்க வேண்டும். பெரியப்பா இருக்கும்போதே டிக்கெட் போட்டாகிவிட்டது.

ஆடி மாசம் பெட்டி கட்டும்போது மனைவி கேட்டாள். "மலை ஏறக் கூடாதுன்னு பந்தல்ல அந்தக் குதி குதிச்சீங்களே, இது மட்டும் என்னாவாம்?"

"அது சாமி மலை. இது டூரு. நெருப்பு கக்குற எடத்துல எந்தச் சாமி வந்து குந்திக்கினு இருக்கப் போவுது?" என்றேன். அவள் குளுக்கோஸ் பாக்கெட்டை எடுத்துப் பெட்டிக்குள் திணித்தாள்.

ஜாவாவில் ஒரு நாள் விடிந்ததும் நடக்க ஆரம்பித்தோம். கண்ணுக்கெட்டிய தூரம் சாம்பல் வெளி. புல் பூண்டு இல்லை. குதிரை வேண்டுமா என்று ஆட்கள் கூடவே வந்தார்கள். வீராப்பாக வேண்டாம் என்றோம். கொஞ்சம் ஏறியதுமே எனக்கு மூச்சு வாங்கியது. முகமூடியையும் மீறிக் கெட்டுப்போன முட்டை நாற்றம். உச்சிக்குப் போய் எட்டிப் பார்த்தால், அம்மாடி, அடியில் புகை குமுறுகிறது. பூமி உறுமுகிற சத்தம் காலில் ஏறுகிறது. விளிம்பில் ஓர் ஆள் நடக்கிற அகலம்தான். இந்தப் பக்கம் விழுந்தால் சரிவு, அந்தப் பக்கம் விழுந்தால் எலும்புகூட மிஞ்சாது. முட்டி இரண்டும் கடகடவென்று ஆடின.

அப்போதுதான் பார்த்தேன். விளிம்பிலேயே, புகைக்குப் பக்கத்தில், பிள்ளையார் உட்கார்ந்திருந்தார். நம்ம பிள்ளையார்தான். கருங்கல், தும்பிக்கை, தொந்தி, இடுப்பில் மஞ்சள் துணி, காலடியில் பூ. இங்கே மலைவாசிகள் எல்லாம் இந்துக்கள், இது அவர்களுக்குச் சாமி மலை, வருஷா வருஷம் தானியமும் கோழியும் கொண்டுவந்து உள்ளே போட்டுக் கும்பிடுவார்கள் என்று வழிகாட்டி சொன்னான்.

அவன் சொல்லி முடிப்பதற்குள் என் உடம்பு தன் வேலையை ஆரம்பித்துவிட்டது. ஷூவைக் கழற்றிக் கடாசினேன். நெற்றிப்பொட்டில் குட்டிக்கொண்டேன். காதைப் பிடித்துக்கொண்டு, ஆடுகிற முட்டியோடு, அந்த ஒற்றையடி விளிம்பில் தோப்புக்கரணம் போட்டேன். கூட்டாளி ஒருவன் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே அதைப் படம் பிடித்தான். அவன் கிறிஸ்தவன், எங்கள் பந்தல் பஞ்சாயத்து அவனுக்கு எப்படித் தெரியும்? பத்திரமா கீழ எறக்கி வுட்டுடுப்பா. அதைத் தவிர வேறொன்றும் நான் கேட்கவில்லை.

கீழே இறங்கியதும் பழைய திமிர் வந்துவிட்டது. அந்த வீடியோவை வாங்கி வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்தேன். 'எரிமலை உச்சியில் பிள்ளையார் தரிசனம்' என்று மேலே எழுதியதும் நான்தான். தரிசனமாம். விரல் எழுதும்போது புத்தி எங்கே மேயப் போயிருந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

சாயங்காலம் மனைவி ஃபோன் செய்தாள். அண்ணி பார்த்துவிட்டாராம். பதறி எடுத்துப் பார்த்தால், அண்ணனும் பார்த்திருந்தார், அந்தப் பெண்ணும் பார்த்திருந்தாள். அழித்தேன். அழித்து என்ன? நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்துவிடலாம் போல இருந்தது. மீதி நாளெல்லாம் கூட்டாளிகள் அருவியில் கயிறு கட்டி இறங்கினார்கள். நான் ஓட்டல் அறையிலேயே கிடந்தேன்.

கல்யாணத்துக்குப் போகாமல் இருக்க என்னென்னவோ சாக்கு யோசித்தேன். மனைவி விடவில்லை. மண்டப வாசலிலேயே பெண்ணின் தாய்மாமன் பிடித்துக்கொண்டார். "என்னா மச்சான், ஃபாரின் புள்ளையாருக்குத் தீட்டு கெடையாதா?" என்று கேட்டார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன், காது மடல் வரைக்கும் எரிந்தது. அண்ணன் வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் தேவலை என்றும் இருந்தது. அவர் என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் முதல் வரிசையில் உட்காரவைத்து, மலை ஏறிய கால்வலி சரியாகிவிட்டதா என்று விசாரித்தார். அந்த விசாரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

நிமிர்ந்து மேடையைப் பார்த்தேன். வழக்கமாகப் பூ அலங்காரம் இருக்கிற இடத்தில் ஒரு பெரிய ஃப்ளெக்ஸ். அதில் மயிலம் மலை, படிகள், கோபுரம் எல்லாம் இருந்தன. பெண் கேட்டுச் செய்யச் சொன்னதாம். அச்சடித்த மலைக்கு முன்னால் உட்கார்ந்து அவள் தாலி வாங்கிக்கொண்டாள். நானும் அட்சதை போட்டேன்.

மணமக்கள் வரிசையாகக் காலில் விழுந்து வந்தார்கள். என் முறை வந்ததும் தலையைக் குனிந்துகொண்டேன். எழுந்தவள் நகரவில்லை. தலைமுடியில் அட்சதை ஒட்டியிருக்க, கிட்டே வந்து மெதுவாகக் கேட்டாள். குத்தலோ கிண்டலோ அவள் குரலில் இல்லை. இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டேன்.

"சித்தப்பா, அந்த மலையில எனக்காக வேண்டிக்கினீங்களா? தாத்தா வேண்டுதலு இங்கதான் நடக்கல, எங்கயோ ஒரு மலையில நீங்க போயி சொல்லிட்டு வந்துட்டீங்கன்னு நெனைச்சிக்கினேன்."

அங்கே நின்று நான் யாரை நினைத்தேன்? பெரியப்பாவையா, இவளையா? என் முட்டியைத்தான் நினைத்தேன்.

"ஆமாம்மா," என்றேன்.

அவள் முகமெல்லாம் சிரிப்பாக மாப்பிள்ளை பக்கம் திரும்பி, "பாத்தீங்களா, நான் சொல்லல?" என்றாள்.