வாசலில் கழற்றிய சப்பாத்து

இந்திராதேவி அக்காவுக்கு வயது ஐம்பத்து மூன்று. இளவயதில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பதினோரு வருடமாக செங் வட்டாரத்தில் உள்ள ஒரு துப்புரவுக் கம்பெனி மூலம் வீடு வீடாகப் போய்த் துடைக்கிறார். நானும் அவரோடுதான் வேலை செய்கிறேன். வழுக்காத கறுப்புச் சப்பாத்து ஆளுக்கு ஒரு ஜோடி கம்பெனியே எங்களுக்குக் கொடுத்தது. அதைப் போட்டு நாங்கள் நடந்தது வேனிலிருந்து வாசல் வரைதான். அதற்குமேல் எந்த வீட்டுக்காரரும் அதை உள்ளே விடமாட்டார்.

போன வருடம் பாச்சாங்கில் ஒரு வீட்டு மேடம், 'உங்கள் ஆட்கள் சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றிவிடுகிறார்கள், நல்ல பழக்கம்' என்று பாராட்டி எழுதினார். சூப்பர்வைசர் ராகினி அதைக் காலைக் கூட்டத்தில் வாசித்தாள். அக்காவின் படத்தோடு கம்பெனியின் பேஸ்புக்கிலும் போட்டாள். எல்லாரும் கைதட்டினோம்.

அதே வீட்டில்தான் போன செவ்வாய்க்கிழமை, சோப்புத் தண்ணீர் கிடந்த பளிங்குப் படியில் வெறுங்காலோடு வழுக்கி விழுந்தார் அக்கா. இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அவர் வலியில் அலற, அந்த மேடம் குனிந்து பார்த்தது படியில் கீறல் விழுந்திருக்கிறதா என்று! இதைவிடக் கேவலம் இருக்காது என்று நினைத்தேன். இருந்தது.

மூன்றாம் நாள் நான் அக்காவின் கட்டிலருகே இருந்தபோது, ராகினி ஒரு பை ஆரஞ்சோடும் ஒரு படிவத்தோடும் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். 'பாதுகாப்புச் சப்பாத்து அணியவில்லை. ஊழியரின் கவனக்குறைவு' என்று அதில் ஏற்கெனவே டைப் அடித்திருந்தது. கையெழுத்துப் போட்டால் பழி முழுக்க அக்காவுக்கு. வேலையும் போய்விடும்.

"சும்மா பார்மாலிட்டிதான் லா அக்கா. சைன் பண்ணிடுங்க."

"சப்பாத்த ஏன் கழட்டுனேன்னு இதுல இல்லியேம்மா?"

"அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க அக்கா."

அக்கா பேனாவைத் தொடவில்லை. என் பக்கம் திரும்பினார். "மலரு, அந்த பேஸ்புக் படத்த எடு."

தேடினேன். பதிவைக் காணோம். விழுந்த ஆளைத் தூக்க வேன் அனுப்பவே அரை மணி நேரம் எடுத்த கம்பெனிக்காரர்கள், இதை மட்டும் எவ்வளவு சுறுசுறுப்பாக அழித்திருக்கிறார்கள்! ஆனால் அன்றைக்குப் பெருமையாக என் வீட்டுக்காரருக்கு அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் போனில் இருந்தது.

ராகினி என்னைப் பார்த்துச் சிரித்தாள். "தேவமலர் அக்கா, நாளைக்கு உங்களுக்கு கிளேபாங்ல வேலை இருக்கு. மறந்துடாதீங்க."

மிரட்டல் புரிந்தது. போனை அந்தப் படிவத்தின் மேல் வைத்தேன்.

அக்கா தன் படத்தையும் அதோடிருந்த பாராட்டையும் பார்த்தார். பிறகு ராகினியிடம் படிவத்தைத் தள்ளினார். "அன்னிக்கு நான் சப்பாத்தக் கழட்டுனதுக்குக் கைதட்டுனவங்க பேரையும் இதுல எழுதிக் கொண்டாம்மா. சைன் பண்றேன்."

"மொதல்ல என் பேர எழுது," என்றேன்.