ரிஸ்வானா கொடுத்த பாதிப் பவளம்

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். என்னைக் கெட்டிக்காரியாகக் காட்டுவதற்காக ஒரு வரிகூடச் சேர்க்க மாட்டேன்.

உப்புத் தண்ணீர் வாளிக்கு ஒரு வாசனை உண்டு... ஈரச் சிப்பியும் துருப்பிடித்த இரும்பும் கலந்த மாதிரி. இப்போது ப்ளஸ் டூ படிக்கிறேன். அந்த வாசனை வந்தால் மட்டும் மறுபடி எட்டாம் வகுப்புக்குப் போய்விடுகிறேன்.

அந்த வருஷம்தான் அப்பாவுக்கு மாற்றல் வந்து, சிதம்பரத்தை விட்டுக் கடலூர் செம்மண்டலத்துக்குக் குடிவந்தோம். அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் ஆபீஸ். புதுப் பள்ளியில் எல்லாருக்கும் ஏற்கெனவே தோழிகள் இருந்தார்கள். சாப்பாட்டு வேளையில் நூலகத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். நன்றாகப் படிக்கிற பெண் என்று நினைத்துக்கொண்டார்கள். அது ஒரு வகையில் வசதியாக இருந்தது...

சிதம்பரத்தில் எனக்கிருந்த ஒரே தோழி ரிஸ்வானா. லால்பேட்டைக்காரி. அவளுடைய அத்தா சிதம்பரத்தில் மீன் தொட்டிக் கடை வைத்திருந்தார். நான் கிளம்பிய அன்று, தான் வளர்த்த பட்டன் பவளத்தைக் கல்லோடு இரண்டாக உடைத்து ஒரு பாதியைக் கொடுத்தாள். சட்டைப் பொத்தான் அளவில் பச்சை வட்டங்கள், ஓரமெல்லாம் குட்டிக் குட்டி விரல்கள். பகலில் விரியும், இரவில் மூடிக்கொள்ளும். அதற்காகவே அப்பா ஒரு சின்னத் தொட்டி வாங்கித் தந்தார்.

ஐப்பசியில் அதன்மேல் பாசி பிடித்தது. தலைமுடி போல நீள நீளமாக... கிள்ளிப் போட்டால் மறுநாள் இன்னும் ஜாஸ்தியாகும். வட்டங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. பகலிலும் திறக்கவில்லை. ரிஸ்வானாவுக்கு ஃபோன் போட்டேன்.

"ஹைட்ரஜன் பெராக்சைடு வாங்குடி. தொட்டித் தண்ணில கொஞ்சமா கலந்து, அதுல முக்கி எடு. பாசி செத்துடும்."

"பவளமும் செத்துட்டா?"

"சாவாதுடி. அத்தா எத்தன தடவ செஞ்சிருக்காங்க!"

மருந்துக் கடை அண்ணன் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, "காது அடைச்சிருக்கா பாப்பா?" என்றார்.

"இல்லண்ணா. பவளத்துல பாசி."

என் காதை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பாட்டிலைக் கொடுத்தார்.

சனிக்கிழமை ரிஸ்வானாவைக் கூப்பிட்டு, ரிசீவரை நாற்காலியில் வைத்துவிட்டு வேலையை ஆரம்பித்தேன். "க்ளவுஸ் போட்டியா?" என்று நாற்காலி கேட்டது. "போட்டேன்" என்று கத்தினேன். கல்லை முக்கியதும் பாசி முழுக்கக் குமிழ்கள்... சோடா உடைத்த மாதிரி மெல்லிய இரைச்சல்.

"போதும், எடுத்து அலசு. அலசுறதுக்கு எந்தத் தண்ணி வெச்சிருக்க?"

"கடல் தண்ணி. நேத்து அப்பாகூடப் போயி கேன்ல புடிச்சேன்."

"எங்க புடிச்ச?"

"அலை ஜாஸ்தியா இருந்துச்சு. அதான் கெடிலம் கடல்ல சேர்ற எடத்துல..."

"லூசு! இந்த மழைக்கு அங்க ஆத்துத் தண்ணிதாண்டி நிக்கும். நாக்குல வெச்சுப் பாரு!"

க்ளவுஸைக் கழற்றிவிட்டு வைத்துப் பார்த்தேன். உப்புப் போட மறந்த ரசம் மாதிரி இருந்தது. அதில் அலசியிருந்தால் பவளம் அன்றே போயிருக்கும்.

"தொட்டித் தண்ணியவே மொண்டு அலசுடி! சீக்கிரம்!" நாற்காலி கத்திக்கொண்டே இருந்தது. சொம்பு சொம்பாக மொண்டு அலசித் தொட்டியில் வைத்தேன்.

ரிசீவரை எடுத்தபோது அவள் குரல் இறங்கியிருந்தது.

"ரெண்டு நாளைக்கு லைட்டு போடாத... அப்புறம், நாங்க துபாய்க்குப் போறோம்டி. அத்தாவுக்கு அங்க வேலை. கடைய வித்தாச்சு, என் பாதியும் தொட்டியோட போயிடுச்சு. வெள்ளிக்கிழமை கெளம்புறோம். அதுக்குள்ள தொறந்துச்சுன்னா சொல்லு. தெரிஞ்சிக்கிட்டுப் போறேன்."

தினமும் பல் துலக்குவதற்கு முன்னால் தொட்டியிடம் ஓடினேன். பாசி வெளுத்து நூல் நூலாக உதிர்ந்தது. வட்டங்கள் இறுக மூடியே இருந்தன.

வெள்ளிக்கிழமை அவளே கூப்பிட்டாள்.

"தொறந்துச்சா?"

"இல்ல."

"ஒண்ணுகூடவா?"

"இல்லடி."

"சும்மாவாச்சும் ஆமான்னு சொல்லித் தொலையேண்டி!"

சிரித்தாள். பின்னால் கார் ஹாரன் அடித்தது. "ஏ புள்ள, வா, நேரமாவுது" என்று யாரோ கூப்பிட்டார்கள். எனக்கு அந்த ஒரு ஆமாம் வாயில் வரவில்லை. "நாளைக்கு ஒருவேளை..." என்று தொடங்கினேன். வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரே ஒரு வட்டம் திறந்திருந்தது. விரல்களெல்லாம் நீட்டிக்கொண்டு, பளிச்சென்று பச்சையாக.

ஓடிப்போய் ஃபோன் போட்டேன். அந்தக் காலி வீட்டில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. தெரிந்துதான் இன்னொரு தடவையும் போட்டேன். பிறகு சமையலறைக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். "அப்படியா? கைய கழுவிட்டு வா, இட்லி ஆறிடும்" என்றாள்.

இப்போது அந்தக் கல் தெரியாத அளவுக்கு வட்டங்கள் பரவிவிட்டன. படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டால் உடனே லைக் விழுகிறது. பிளாஸ்டிக்கா என்று ஒருத்தி கேட்டிருந்தாள். ரிஸ்வானா என்று தேடினால் ஏகப்பட்ட ரிஸ்வானாக்கள்... பாதிப் பேர் முகத்துக்குப் பதில் ரோஜாப்பூ வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு ஒருத்திக்குச் சொன்னால் போதும் என்றிருந்தது. இன்றைக்கு எல்லாருக்கும் சொல்கிறேன்.

நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே வட்டங்கள் மூடத் தொடங்கிவிட்டன. தொட்டியின் விளக்குகளை அணைத்துவிட்டேன்.