பொழுதோடு சாப்பாடு

எங்கள் கல்லூரி வளாகத்தில் மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிப்பது என்று முடிவானபோது பெண்கள் விடுதியின் காப்பாளர் பொறுப்பு என்னிடம் இருந்தது. பகலில் வேதியியல் பாடம் நடத்துவேன், மாலையில் விடுதி. காஞ்சிபுரத்திலேயே வீடு இருந்தும் வாரத்தில் பாதி நாள் விடுதியில்தான் தங்குவேன்.

முதலில் வந்தவை எளிய வேலைகள். பழைய குழல் விளக்குகளைக் கழற்றி எல்.இ.டி. போட்டார்கள். சுவிட்சுகளுக்குப் பக்கத்தில், வெளியே போகும்போது அணைக்கச் சொல்லி ஸ்டிக்கர் ஒட்டினார்கள். பிறகு, விடுதி அறைகளில் இண்டக்‌ஷன் அடுப்பு, கெட்டில், தண்ணீர் சூடாக்கும் ராடு எதுவும் இருக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. தேடி எடுக்க வேண்டியவள் நான்.

ஒரு மாலை உதவிக் காப்பாளரோடு அறை அறையாகப் போனேன். அவர் என்னைவிட இளையவர், கண்டிப்பானவர். கட்டிலுக்கு அடியில் வாளிக்குள்ளிருந்தும், பீரோவில் துணிகளுக்குப் பின்னாலிருந்தும் சாமான்கள் வந்தன. மாடியில் ஓர் அறையில் மட்டும் கெட்டில் மேசைமேலேயே கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் முதலாண்டு மாணவி ஒருத்தி கையில் கரண்டியோடு நின்றாள். மறைக்க முயலவில்லை.

"என்னம்மா இது?"

"கோதுமை ரவை கஞ்சி மேடம்."

"மெஸ் இருக்கும்போது ரூம்ல எதுக்குச் சமையல்?" என்றார் உதவிக் காப்பாளர்.

"மெஸ்ல ஏழரைக்குத்தான் போடறாங்க மேடம். நாங்க ஜைனருங்க. இருட்டினப்புறம் சாப்பிட மாட்டோம்."

"தமிழ் நல்லா பேசறியே. சேட்டு வீட்டுப் பொண்ணா நீ?"

"இல்ல மேடம், நாங்க தமிழ்தான். வந்தவாசிப் பக்கம். அப்பா பயிர் வெக்கறாரு."

உதவிக் காப்பாளருக்குத் தெரிந்த ஜைனர்கள் எல்லோரும் கடை வைத்திருந்தவர்கள். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவளே தமிழ் ஜைன வீட்டுப் பெண் என்பதால் எனக்கு இது புதிதில்லை. ஆனால் இத்தனை பேர் தங்கும் விடுதியில் இவள் சாயங்காலத்தில் என்ன சாப்பிடுவாள் என்று நான் யோசித்ததில்லை.

"கஞ்சிய ஊத்திக்கினு கெட்டில குடுத்துடட்டுமா மேடம்? பொழுது சாயப் போவுது" என்றாள்.

சன்னலுக்கு வெளியே வெயில் மஞ்சளாகியிருந்தது. அவள் கஞ்சியைத் தம்ளரில் ஊற்றி, ஆற்றி ஆற்றி, நின்றபடியே குடித்தாள். கெட்டிலைக் கழுவித் துடைத்துக் கொடுத்தாள். அது இன்னும் சூடாக இருந்தது. அந்தச் சூட்டோடு அதைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கியது எனக்குச் சங்கடமாக இருந்தது.

மறுநாள் மாலை ஐந்து மணிக்கு, அவளுக்கு மட்டும் முன்னதாக ஒரு தட்டு கேட்கலாம் என்று மெஸ்ஸுக்குப் போனேன். சமையலுக்குத் தலைமையாக இருந்த அம்மா சிரித்தார்.

"ஒரு தட்டுதானே மேடம், தாராளமா குடுக்கறேன். சோறு கொழம்பு எல்லாம் அப்பவே ஆயிடுச்சி."

"இப்பவேவா?"

"சமைக்கற பொம்பளைங்க ஆறு மணி பஸ்ஸ புடிக்கணுமே. சீக்கிரமே முடிச்சிடுவோம். பரிமாற ரெண்டு பேர்தான் இருப்பாங்க. அதுவரைக்கும் இந்தப் பொட்டிங்க சூடு வெச்சிக்கினு இருக்குது."

சுவரோரம் பீரோ உயரத்துக்கு இரண்டு எஃகுப் பெட்டிகள் நின்றன. இரண்டிலும் சிவப்பு விளக்கு எரிந்தது. தினமும் அந்த வழியாகத்தான் சாப்பிடப் போவேன். அவை என்ன செய்கின்றன என்று கேட்டதே இல்லை.

இரவுச் சாப்பாட்டை ஆறு மணிக்கு மாற்றினால் அந்தப் பெட்டிகளின் மின்சாரம் மிச்சமாகும் என்று கல்லூரியின் மின்சிக்கனக் குழுவில் சொன்னேன். குழுவின் தலைவரான பேராசிரியருக்குப் பிடித்திருந்தது. மாணவிகளுக்குப் பிடிக்கவில்லை.

"ஆறு மணிக்கு டிபன்தான் மேடம் சாப்பிடுவாங்க."

"அப்புறம் படிக்கும்போது பசிச்சா என்ன பண்றது மேடம்?"

அவர்கள் கேட்டதும் நியாயம்தான். வேண்டுகிறவர்கள் பொழுதோடு வரலாம், மற்றவர்கள் வழக்கம்போல வரலாம் என்று முடிவு செய்தோம்.

முதல் நாள் வந்தது அவள் மட்டும்தான். விளக்குப் போடாத பெரிய கூடம், காலியான நீள மேசைகள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"எனக்காகன்னா வேணாம் மேடம். ஒரு மாதிரியா இருக்குது."

நானும் ஒரு தட்டு எடுத்து எதிரே உட்கார்ந்தேன். எனக்குப் பசியில்லை. மோர்க்குழம்பு, முட்டைக்கோஸ் பொரியல். சோற்றைப் பிசைந்து சாப்பிடத் தொடங்கினாள். பிறகு வீட்டைப் பற்றிச் சொன்னாள். அப்பா கழனியிலிருந்து திரும்பிக் கால் கழுவியதும் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டு முடித்துவிடுவார்களாம்.

"அதுக்கப்புறம் எங்கம்மா அடுப்படிப் பக்கமே போவ மாட்டாங்க மேடம். டிவி சீரியல்தான்."

இருவரும் சிரித்தோம். தட்டைக் கழுவும்போது, "நாளைக்கு நான் தனியா சாப்பிட்டுக்குவேன் மேடம்" என்றாள். ஆனாலும் அந்த வாரம் முழுக்க நான் போனேன்.

பிறகு வாலிபால் ஆடும் பெண்கள் வந்தார்கள். ஆடிவிட்டு வந்த பசிக்கு ஏழரை வரை காத்திருப்பது அவர்களுக்கு எப்போதுமே கஷ்டமாக இருந்திருக்கிறது. அவளுடைய அறைத்தோழி வந்தாள். சும்மா பார்க்க வந்த உதவிக் காப்பாளரும் ஒரு நாள் தட்டை எடுத்துக்கொண்டார். மழைக்காலம் தொடங்கும்போது ஏறக்குறைய பாதி விடுதி வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டது. இரண்டு பெட்டிகளில் ஒன்றை நிறுத்தினோம். மற்றதை நிறுத்த முடியவில்லை.

அடுத்த சோதனையில் முன்பைவிட அதிகமாகக் கெட்டில்கள் கிடைத்தன. பொழுதோடு சாப்பிட்டவர்களுக்குப் படிக்கும் நேரத்தில் பசித்திருக்கிறது. எல்லாவற்றிலும் நூடுல்ஸ் வாசனை.

"ஒரு பக்கம் புடிச்சா இன்னொரு பக்கம் ஒழுகுதே மேடம்" என்றார் பேராசிரியர். கோபமாகச் சொல்லவில்லை.

மெஸ் வாசலில் ஒரு கூடையில் வாழைப்பழமும் வறுத்த வேர்க்கடலையும் வைக்கச் சொன்னேன். கூடை தினமும் காலியானது. கெட்டில்கள் குறைந்தன, ஆனால் ஒழியவில்லை. நூடுல்ஸை வாழைப்பழம் வெல்லாது என்று புரிந்துகொண்டேன்.

இப்போது விடுதிப் பொறுப்பு வேறொருவரிடம் இருக்கிறது. வீட்டிலும் எனக்கு ஆறு மணிக்கே பசிக்கிறது. கணவர் கடையை மூடிவிட்டு வர நேரமாகும். முதலில், "நான் வர்றதுக்குள்ள சாப்டியா?" என்று அவருக்கு வருத்தம். இப்போது பழகிவிட்டது. நான் முன்னதாகச் சாப்பிட்டுவிட்டு, அவர் சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து அன்று நடந்ததைப் பேசிக்கொண்டிருக்கிறேன்.