செண்பகம் மேடத்தின் சீர் பீரோ

திறப்பு விழா முடிந்த மறுவாரமே கல்லூரித் தாளாளர் போன் செய்தார். "ஏம்மா, நீங்க கட்டுனது ஸ்டாஃப் ஹாலா, பீரோ கடையா? வந்து பாருங்க."

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் உள்ள கல்லூரி. இயற்பியலுக்கும் தாவரவியலுக்கும் சேர்த்து ஒரே கட்டிடம். ஆசிரியர்கள் கலந்து பழகட்டும் என்று நடுச்சுவரே இல்லாமல் ஹாலை டிசைன் செய்தவள் நான். வாசலிலிருந்து ஹால் வரை மலைக்காற்று வீச நீளமாக ஒரு நடையும் வைத்திருந்தேன். அந்த நடையில் எனக்குத் தனிப் பெருமை.

போய்ப் பார்த்தால், ஹாலின் குறுக்கே இரும்பு பீரோக்களை நிறுத்தி, நான் கட்டாத சுவரை அவர்களே கட்டியிருந்தார்கள்.

"அவிய செடி மண்ணு எங்க மீட்டர்ல விழுது" என்றார் இயற்பியல் தலைவர் ரங்கசாமி.

"அவிய எங்க தொட்டியில டீய ஊத்துறாக" என்றார் தாவரவியல் தலைவி செண்பகம். பீரோ பத்தாமல், தன் கல்யாணச் சீர் பீரோவையே வேனில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார்.

தாளாளர் முடிவாகச் சொன்னார்: "மாசக் கடைசில வருவேன். அப்பவும் இப்படியே இருந்தா செங்கல் சுவரே வச்சிருதேன். மாடி வேலைக்கு வேற ஆளப் பாத்துக்கிடுதேன்." மாடி வேலையை நம்பித்தான் என் ஆபீஸே ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு துறையும் சேர்ந்து ஆடிப் பழகட்டும் என்று ஹாலில் கேரம் போர்டு வாங்கிப் போட்டேன். ஒருவரும் தொடவில்லை.

அப்புறம் ஆடிக்காற்று பிடித்தது. என் அருமை நடையில் நுழைந்தவர்கள் எல்லாம் தலைவிரி கோலமாக ஹாலுக்கு வந்து சேர்ந்தார்கள். அப்படியே வகுப்புக்குப் போனால் பிள்ளைகள் சிரிப்பார்கள். கட்டிடத்தில் முகம் பார்க்கும் கண்ணாடி என்று இருந்தது ஒன்றே ஒன்று, தாவரவியல் பக்கம் நின்ற சீர் பீரோவின் கதவில்.

முதலில் சுற்றிக்கொண்டு வந்தவர் ரங்கசாமி சார்தான். இருக்கிற நாலு முடியும் நட்டமாக நின்றது.

"மேடம், செத்த நேரம் தலைய சீவிக்கிடட்டுமா?"

"சீவுங்க சார். வந்தது வந்தீங்க, வெளிச்சம் அளக்குற மீட்டர் இருக்கா? எங்க செடியெல்லாம் ஒரே பக்கமா சாயுது."

மறுநாள் மீட்டரும் வந்தது, சொந்தச் சீப்பும் வந்தது. அடுத்த வாரம் பீரோ முன்னால் கியூ. கியூவில் நிற்பவர்கள் வாயை மூடிக்கொண்டா நிற்பார்கள்? இரண்டு துறைப் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரு ப்ராஜெக்ட் அங்கேயே முடிவானது. வந்துபோக வழி வேண்டும் என்று மற்ற பீரோக்களை அவர்களே ஓரங்கட்டினார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மாசக் கடைசியில் தாளாளர் வந்தார், அதே நடை வழியாக. பறந்த தலையோடு கூட்டத்தைப் பார்த்தார். நேராகப் போய் கியூவில் நின்றார். நெட்டை மனிதர், முறை வந்ததும் குனிந்து குனிந்து பார்த்தார்.

"மாடியையும் நீங்களே வரைஞ்சிருங்கம்மா. அங்க கண்ணாடிய மட்டும் செத்த மேல வைங்க. எனக்கு மீசை வரைக்குந்தான் தெரியுது."

புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். காற்று வரும் நடையைத் தாராளமாகப் போடுங்கள். அதன் முடிவில் ஒரே ஒரு கண்ணாடி வையுங்கள். இரண்டாவது வைத்தால் பேச்சு நின்றுவிடும்.