தோவா மொழிபெயர்க்க மறுத்த கேள்வி

தோவாவை எனக்கு எங்கள் ஊரான ராக் ஜாவிலேயே தெரியும். பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள். போர் முடிந்து கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வந்ததும் இனி ஆங்கிலம் வேண்டாம் என்றார்கள். நாலு வருஷம் சந்தையில் மீன்சாறு விற்றாள். 1979-இல் இருவரும் ஒரே படகில் கிளம்பி, ஆறாம் நாள் மலேசியாவின் பிடோங் தீவில் ஒதுங்கினோம். கையகலத் தீவு. அதில் நாற்பதாயிரம் பேர்.

அங்கிருந்த அகதிகள் முகாமில் அவளுக்கு இரண்டு வேலை. காலையில், எங்களில் யாரை ஏற்பது என்று பார்க்க வரும் வெளிநாட்டு அதிகாரிகளுக்கு மொழிபெயர்ப்பது. மாலையில், புதிதாக வந்து இறங்குகிறவர்களுக்குத் தங்க இடம் பிடித்துக் கொடுப்பது. இடம் என்றால் உடைந்த படகுப் பலகை, கோணிச் சாக்கு, மேலே நீல பிளாஸ்டிக் விரிப்பு.

அடைமழை பிடித்த வாரத்தில் வியென் வந்தார். கடைசல் பட்டறைக்காரர். கூடவே மனைவி லூவா, இரண்டு பெண்கள். மூத்தவள் தூயிக்குப் பதினைந்து வயது. பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை. தோவா அவர்களை எங்கள் பக்கத்துக் குடிசைக்குக் கூட்டி வந்தாள். அங்கிருந்த காங் வாசலை மறித்தான்.

"அக்கா, ஏற்கெனவே ஒம்போது பேரு. நாங்க என்ன டப்பாவுல அடைக்கிற மத்தி மீனா?"

"படகுல அப்படித்தானடா வந்த? அப்ப வாய் தொறந்தியா? காலை மடக்கு."

காங் முணுமுணுத்துக்கொண்டே காலை மடக்கினான்.

மூன்று மாதம் கழித்து வியென் குடும்பத்துக்கு நேர்காணல் வந்தது. எந்த நாடு என்று சொல்ல எனக்கு மனமில்லை. கொட்டகைக்குச் சுவர் கிடையாது. அடுத்த பெஞ்சில் என் முறைக்காக நான் காத்திருந்தேன். பட்டறை வேலை என்றதும் அதிகாரியின் முகம் மலர்ந்தது. பல்லைப் பார்க்காத குறையாக வியெனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தூயியைப் பார்த்தார். தாளைப் புரட்டினார். தோவாவிடம் ஏதோ சொன்னார்.

தோவா வாயே திறக்கவில்லை. அவர் மறுபடி சொன்னார். அவள் எழுந்து நின்று ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளினாள். அதிகாரி சிவந்துபோய்க் கோப்பை மூடினார்.

"என்னம்மா கேட்டாரு?" என்றார் வியென் பதறிப்போய்.

"நல்ல மனுஷன் கேக்கிற கேள்வி இல்லண்ணே. வாங்க போகலாம்."

வெளியே வந்ததும் அவர் வெடித்தார். "எங்க தலையெழுத்த மாத்த நீ யாரு? கேட்டத சொல்றதுதானே உன் வேலை?"

அன்று தோவா சாப்பிடவில்லை. விடிந்ததும் அவர்கள் குடிசைக்குப் போய் ஒளிக்காமல் சொன்னாள். "நீங்க மூணு பேரும் வரலாமாம். பெரியவள இங்கயே விட்டுட்டு வரணுமாம், அப்புறம் பாத்துக்கலாமாம். நேத்தே சொல்லாதது என் தப்பு. சம்மதம்னா இப்பவே போய் அவர் கால்ல வேணாலும் விழறேன்."

லூவா முந்திக்கொண்டாள். "படகுல தண்ணி தீர்ந்தப்ப தன் பங்க தங்கச்சி வாயில ஊத்தினவ இவ. இவள விட்டுட்டுப் போய் நாங்க எந்தச் சோத்தத் தின்றது?"

வியென் தோவாவிடம் திரும்பினார். "நாலு பேரும் போனா போறோம். இல்லன்னா இங்கயே கெடக்கோம். அவன்கிட்ட அத நல்லா சத்தமா மொழிபெயர்த்துச் சொல்லு."

சொல்ல வழியில்லாமல் போயிற்று. மரியாதைக் குறைவாக நடந்தாள் என்று அதற்குள் தோவாவை மொழிபெயர்ப்பு வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஒரு தாயிடம், பெற்ற பிள்ளையைக் கடற்கரையில் போட்டுவிட்டு வா என்பது மரியாதை. அதை வாயால் சொல்ல மறுப்பது மரியாதைக் குறைவு!

அவள் சும்மா இருக்கவில்லை. வந்து போன ஒவ்வொரு நாட்டுக் குழுவுக்கும் அந்தக் குடும்பத்துக்காகக் கடிதம் எழுதினாள். ஒருவர் 'செவிடு' என்ற சொல்லோடு படிப்பதை நிறுத்தினார். இன்னொருவர் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். பதினோராவது மாதம் நார்வேயிலிருந்து வந்த ஒரு பெண்மணி கடிதத்தை முழுக்கப் படித்தார். தூயி என்ன வேலை செய்வாள் என்று அவர் கேட்கவில்லை. வீட்டில் அவளோடு எப்படிப் பேசுவீர்கள் என்று கேட்டார். தங்கை விரல்களால் பேசிக் காட்டினாள். தூயி பதிலுக்கு ஏதோ சொல்ல, சின்னவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த வாரமே நால்வருக்கும் அனுமதி கிடைத்தது.

தோவாவின் சொந்த விண்ணப்பம் இரண்டு தடவை தள்ளிப்போயிற்று. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. கேட்கிற தைரியம் எங்களுக்கும் இல்லை. இருபது மாதம் அந்தத் தீவில் கிடந்துவிட்டுத்தான் கனடா போனாள். அவள் படித்த படிப்பு அங்கே செல்லாது என்றார்கள். மருத்துவமனைத் துணிகளை வெளுக்கும் கூடத்தில் வேலை செய்கிறாள். தூயி நார்வேயில் படித்து, பல்செட் செய்யும் கூடம் ஒன்றில் இருக்கிறாள்.

போன மாதம் தொலைபேசியில் கேட்டேன்: "வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா நீ முன்னாடியே போயிருப்பியே, வருத்தமா இல்லயா?"

"வியென் அண்ணன்கிட்ட அன்னிக்கே சொல்லாததுக்கு வருத்தம் உண்டு. அந்த ஆளுக்கிட்டக் கத்தினதுக்கு ஏண்டி வருத்தப்படணும்? இப்படி ஒரு கேள்விய கேட்கலாம்னு எவனோ உக்காந்து எழுதிக் குடுத்திருக்கான் பாரு, அவன் மட்டும் என் கையில கெடைக்கல."