வான்காரருக்குச் சொன்ன பதில்

எட்டு வயதில் ஒரு கேள்விக்கு நான் சரியான பதில் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் அப்படி ஒருநாளும் நடந்ததில்லை என்பதால் அந்தப் பெருமையைக் கனகாலம் சுமந்துகொண்டு திரிந்தேன். இப்போது அதை நினைத்தால் சோறு இறங்குவதில்லை.

கேள்வி என் அம்மம்மாவைப் பற்றியது. ஆரையம்பதியில் வாவி இறாலை வாங்கி, காயவைத்து, சந்தைக்குச் சந்தை சுமந்து விற்று ஒரு கல்வீடு கட்டியவர் அவர். அம்மப்பாவுக்குத் தோணியும் வலையும்தான் தெரியும். வீட்டு விஷயத்தில் வாயே திறக்கமாட்டார். முன்வாசலுக்கு முதிரை மரக் கதவுதான் வேண்டும் என்று அம்மம்மா ஒன்றரை வருஷம் கதவில்லாமலே இருந்தாராம். கதவு வந்த அன்று, "நான் கண்ண மூடுறதும் இந்த வீட்டிலதான்" என்று தச்சரிடமே சொல்லிவிட்டாராம். நல்ல நாளில் இப்படிப் பேசுகிறாரே என்று தச்சர் பயந்துபோனார்.

எங்கள் பக்கத்தில் வீடு கொடுக்காமல் பெண்ணுக்குக் கலியாணம் நடக்காது. மூத்த மகள் என் அம்மா; கல்வீடு அம்மாவுக்குப் போனது. கிழவனும் கிழவியும் பின்னால் சமையலுக்கென்று தனியாக இருந்த குசினிக்கு மாறினார்கள். நடுச் சின்னம்மாவுக்கு அதே வளவில் இன்னொரு வீடு எழும்பியது. இளைய சின்னம்மாவின் முறை வந்தபோது குசினியை இடித்துத்தான் இடம் எடுத்தார்கள். அதன்பிறகு அவர்கள் இருவரும் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் தகரம் சாய்த்த ஒரு பத்தியில் இருந்தார்கள். ஒரு வளவில் மூன்று கல்வீடுகள், மூன்றையும் கட்டியவர் பத்தியில். எல்லாக் குடும்பத்திலும் அப்படித்தான் என்பதால் யாருக்கும் வெட்கமாக இருக்கவில்லை. அம்மம்மாவும் முகம் சுளித்ததில்லை. மாரி மழைக்கு மட்டும் பாயைச் சுருட்டிக்கொண்டு எங்கள் விறாந்தைக்கு வருவார், நாங்கள் எழும்புவதற்குள் போய்விடுவார்.

எனக்கோ அந்தப் பத்திதான் உலகம். பள்ளிவிட்டதும் புத்தகப் பையோடு அங்கேதான் ஓடுவேன். அவருக்குப் பக்கத்தில் படுத்தால் காய்ந்த இறால் மணக்கும். அம்மாவைவிட அவரில்தான் எனக்கு விருப்பம் அதிகம்.

ஈரலில் வருத்தம் வந்து அம்மம்மா ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். அம்மா போய்க் கோயில் ஐயரிடம் நாள் கேட்டார். இன்றையிலிருந்து ஐந்து நாள் தனிஷ்டா பஞ்சமி என்றார் ஐயர். அந்த நாட்களில் ஒரு வீட்டில் உயிர் போனால் அந்த வீட்டை மாதக்கணக்கில் பூட்டிவைக்க வேண்டும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை.

ஆஸ்பத்திரியிலிருந்து ஏற்றிவந்த வாடகை வான் வளவுக்குள் வந்து நின்றது. பின்சீற்றில் அம்மப்பாவின் மடியில் தலைவைத்து அம்மம்மா படுத்திருந்தார். "ஹோலில கட்டிலப் போடுங்க" என்றார் அம்மப்பா.

அம்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "மூண்டு பொம்புளப் புள்ளையளோட, வீட்டப் பூட்டிப்போட்டு நான் எங்க போறது அப்பா?"

நடுச் சின்னம்மா, "என்ட வீட்டில பச்சப்புள்ள கிடக்கு" என்றார். இளைய சின்னம்மா அழுதார். அவருடைய கணவர் வெளியே வரவேயில்லை.

வான்காரர் வெளியூர் ஆள். அவருக்கு அடுத்த ஓட்டம் இருந்தது. பெரியவர்கள் இடம் சொல்லாததால் என் பக்கம் திரும்பி, "அம்மம்மாட வீடு எது மகள்?" என்று கேட்டார்.

நான் யோசிக்கவே இல்லை. கோழிக்கூட்டுப் பக்கம் கையை நீட்டி, "அதுதான்" என்றேன்.

அம்மா நிலத்திலிருந்து கண்ணை எடுத்தார். "ஓம், பழகின இடம்தானே" என்றார். சின்னம்மாமார் இருவரும் "ஓம், ஓம்" என்றார்கள். அம்மப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அம்மம்மா கண்ணைத் திறந்து, "புள்ள சொல்றது சரி. அங்கயே கொண்டு போங்க" என்றார்.

அன்று எல்லாரும் என்னைக் கெட்டிக்காரி என்றார்கள். அம்மா எனக்குத் தனியாக முட்டை பொரித்துத் தந்தார்.

ஆறாம் நாள் காலையில் பஞ்சமி கழிந்தது. "இனி ஹோலுக்குக் கொண்டு போவம்" என்றார் அம்மப்பா. அம்மா ஓடிப்போய்க் கட்டிலில் புதுத்துணி விரித்தார். விரித்துவிட்டுத் திரும்பி வந்தபோது அம்மம்மா போய்விட்டிருந்தார். ஹோலுக்குப் பிரேதம்தான் வந்தது. கடைசிவரையும் மகள்மாருக்குக் கரைச்சல் கொடுக்காத மனுசி என்று வந்தவர்கள் மெச்சினார்கள்.

மரண அறிவித்தலில் "அன்பு மனைவியும், பாசமிகு தாயும், அருமை அம்மம்மாவுமான அன்னார் தமது இல்லத்தில் காலமானார்" என்று போட்டார்கள். பத்தியை அந்த மாதமே பிரித்துவிட்டார்கள். அம்மப்பா எட்டு மாதம் மகள்மாரின் விறாந்தைகளில் மாறிமாறிப் படுத்துக் கிடந்துவிட்டுச் செத்தார். கல்வீடு இப்போது அக்காவுடையது. அம்மா பின்பக்கத்துக்கு மாறிவிட்டார். நான் வாய் திறக்காவிட்டாலும் அவர்கள் அம்மம்மாவை அங்கேதான் கொண்டுபோயிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். அதனால் ஒரு ஆறுதலும் இல்லை. வாய் திறந்தது நான்தான்.

அம்மாவுக்குக்கூடச் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. பத்தியில் கிடத்திய முதல் நாளே, அம்மம்மா முகத்தை எங்கள் கல்வீட்டுப் பக்கம் திருப்பிவிட்டார். சோறு கரைத்துக் கொண்டுபோனாலும் இந்தப் பக்கம் திரும்பமாட்டார். கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது. முற்றத்து வெயில் கண்ணில் குத்துகிறதாக்கும் என்று நினைத்து, நான் அவருடைய பழைய சீலையொன்றை எடுத்து அந்தப் பக்கம் முழுவதையும் மறைத்துக் கட்டினேன்.

"இப்ப கண் கூசாதுதானே அம்மம்மா?" என்று கேட்டேன்.

"ஓம் மகள்" என்றார்.

ஐந்து நாளும் அந்தச் சீலை அங்கேயே தொங்கியது.