நாற்பத்து நாலு நழுவவிட்ட பந்து

அந்த அக்டோபரிலும் லவான் ஸ்ட்ரிப்ளிங் கஹாபா ஸ்டேட் கல்லூரிக்காக, பந்தைக் கையில் ஏந்தி ஓடுகிற ஃபுட்பால் ஆடிக்கொண்டுதான் இருந்தான். கல்லூரி அவனை மே மாதமே வீட்டுக்கு அனுப்பிவிட்டது. ஜூனிலிருந்து ஹார்கெட் டயர் கடையில் என்னோடு நின்று டயர் மாட்டிக்கொண்டிருந்தான். ஆனால் பிரேக் வேலை பார்க்கும் டெல்பர்ட் ஒரு கேம் மெஷின் வைத்திருந்தான், இரண்டு கைக்குள் அடங்குகிற அளவு. அதைத் திறந்தால் உள்ளே நாற்பத்து நாலாம் எண் சட்டை போட்டுக்கொண்டு லவான் ஓடுவான்.

அவனேதான். உயரம் ஐந்து அடி பதினோரு அங்குலம், எடை இருநூற்று முப்பத்தெட்டு பவுண்டு, மாநிலம் அலபாமா. இடுப்பில் வெள்ளைத் துண்டு. இடது முழங்கையில் கறுப்பு உறை. அந்த உறை ஏன் என்று எங்கள் ஊர் மெர்சர் கிராஸிங்கில் எல்லோருக்கும் தெரியும். அவன் அம்மா எர்லீன் ரயில் பாதை ஓரத்தில் மீன் பொரித்து விற்கிறவள். பதின்மூன்று வயதில் லவான் கெளுத்தி மீன் துண்டுகளைச் சட்டியில் போடும்போது எண்ணெய் தெறித்து அந்தக் கை வெந்துபோனது. தோல் சுருங்கியது வெளியே தெரியக்கூடாது என்று அன்றிலிருந்து உறை போடுகிறான். அதை எங்கோ தூரத்தில் ஓர் ஆபீஸில் உட்கார்ந்து எவனோ ஒருவன் கவனித்து வரைந்திருக்கிறான். பெயரை மட்டும் போடவில்லை. பெயர் போட்டால் ஆடுகிற பையனுக்கு ஏதாவது காசு கொடுக்க வேண்டி வருமாம். அதனால் பெயரை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள். ஒரு மனிதனின் தீப்புண்ணைக்கூட எடுத்துக்கொள்ளலாம், அவனை ஒரு வார்த்தை கேட்க வேண்டாம். இது எந்த ஊர் நியாயம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பெயர்களை நாங்களேதான் போட்டுக்கொள்வோம். எங்கள் பக்கம் வருடாவருடம் அது ஒரு வேலை. புது கேம் ஜூலையில் வரும். டெல்பர்ட் மூன்று வாரம் சாப்பாட்டு நேரமெல்லாம் கட்டைவிரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அணி முழுவதையும் அடித்து முடிப்பான். நாங்கள் வேகவைத்த நிலக்கடலையை உரித்துத் தின்றுகொண்டே பெயர் சொல்வோம். பந்தைப் பிரித்துக் கொடுக்கிற குவார்ட்டர்பேக், ஒன்பதாம் எண், காலின்ஸ். அந்தப் பெயரை அடித்ததும் மெஷினுக்குள் வர்ணனை செய்கிறவன் வாயைத் திறந்து "காலின்ஸ்" என்றே சொல்வான். சாதாரணமான பெயர்கள் சில அவனுக்குத் தெரியும். தெரியாத பெயராக இருந்தால் எண்ணைத்தான் சொல்வான்.

நாற்பத்து நாலுக்கு வந்தபோது டெல்பர்ட் எங்களைக் கேட்கவில்லை. "வெண்ணெய்க்கை" என்று அடித்தான், பிடித்ததெல்லாம் வழுக்கி விழுகிற கை. லவான் அங்கேதான் ஒரு டயரின் மேல் உட்கார்ந்திருந்தான். பார்த்தான், கடலைத் தோலைக் குப்பையில் போட்டான், எழுந்து வேலைக்குப் போனான்.

முந்தைய நவம்பரில் நடந்த விஷயம் அது. எதிரிக் கல்லூரி டென்சாவோடு ஆட்டம். வருடம் பூராவும் தோற்றாலும் டென்சாவிடம் தோற்கக்கூடாது என்று இருக்கிற ஊர் எங்களுடையது. கடைசி நிமிடம், நான்கு புள்ளி பின்னால், தாண்டினால் ஆறு புள்ளி தரும் கோட்டுக்கு இரண்டே கஜம். பந்தைக் கையில் வாங்கி இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே போவது ஃபுல்பேக் லவானின் வேலை. காலின்ஸ் கொடுத்தான், பந்து தரையில் உருண்டது, டென்சாக்காரன் அதன்மேல் விழுந்தான். முடிந்தது. மே மாதம் கல்லூரி லவானுடைய உதவித்தொகையைப் புதுப்பிக்கவில்லை. வருடாவருடம் புதுப்பிக்கிற சமாசாரம் அது. அவர்கள் இஷ்டம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. சொல்லவுமில்லை. படிப்பில் ஒரு வருடம் பாக்கி.

அவனை எனக்கு சின்ன வயதிலிருந்து தெரியும். பேச்சு குறைவு. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் அடிக்குரலில் பாடும்போதுதான் அவனுக்கு வாய் இருக்கிறது என்பதே தெரியவரும். கடையில் வீல் நட்டுகளை ஒரு தட்டில் வட்டமாக அடுக்கிவைப்பான், ஒன்றும் தரையில் உருளாது. நாலு மாதத்தில் அவன் கையிலிருந்து ஒரு நட்டு விழுந்து நான் பார்த்ததில்லை.

செப்டம்பர் கடைசியில் எங்கள் வட்டார உயர்நிலைப் பள்ளி ஃபுட்பால் அணியில் பந்தோடு ஓடுகிறவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். அணியின் தலைமைக் கோச் வீம்ஸ் நேராகக் கடைக்கு வந்து லவானைக் கேட்டார். அந்த இடம் கிடைத்தால் பள்ளி நிர்வாகமே மிச்சப் படிப்புக்கு உதவும், படிப்பு முடிந்தால் முழுநேர வேலை. லவான் அன்று சாயங்காலம் கையைக் கழுவிவிட்டு என்னிடம் வந்தான்.

"அண்ணே, இது மட்டும் கிடைச்சிட்டா அம்மாவை அந்தச் சட்டிப் பக்கத்துலேருந்து எழுப்பிடுவேன்," என்றான். அவன் எனக்குச் சொன்னதிலேயே நீளமான பேச்சு அது.

ஆனால் கோச் கேட்டால் மட்டும் போதாது. எங்கள் ஊரில் ஃபுட்பால் ஆதரவாளர் சங்கம் தலையாட்டாமல் பள்ளி மைதானத்தில் புல்கூட முளைக்காது. சங்கத் தலைவர் கேலன் ரஸ்க், டிராக்டர் விற்கிறவர். ஆகஸ்டில் டயர் மாற்ற வந்தவர் டெல்பர்ட்டின் மெஷினை வாங்கிப் பார்த்திருந்தார். அதில் ஒவ்வோர் ஆட்டக்காரனுக்கும் மார்க் உண்டு: ஓட்டம் இவ்வளவு, பலம் இவ்வளவு. பந்தை விடாமல் பிடிப்பதில் நாற்பத்து நாலுக்கு ஐம்பத்திரண்டு. முந்தைய வருடத்து கேமில் அதே நாற்பத்து நாலுக்கு எண்பத்தெட்டு. ஒரே ஒரு பந்து, முப்பத்தாறு மார்க்.

வியாழக்கிழமை பார்பிக்யூ கடையின் பின்னறையில் கூட்டம். நான் பதினோரு வருடமாக உறுப்பினர், பின்னால் உட்கார்ந்திருந்தேன். கோச் வீம்ஸ் லவான் பெயரைச் சொன்னார். ரஸ்க் விரலில் ஒட்டிய சாஸைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

"கோச், பந்தைப் பிடிக்கச் சொல்லித்தர பந்தை விடுறவனையா கூட்டிட்டு வருவாங்க? மெஷின்லயே ஐம்பத்திரண்டுன்னு போட்டிருக்கான். ஆராயாம சும்மாவா போடுவான்?"

எல்லோரும் சிரித்தார்கள். வளர்ந்த ஆண்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள். சிறுவயதிலிருந்து தங்கள் கண்முன்னால் ஆடிய பையனை அளக்க, அவனை ஒருநாளும் நேரில் பாராதவன் தட்டிய எண்ணை எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. எழுந்து, அந்தக் கடைசி ஆட்டத்தை இங்கே யாராவது மறுபடி பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"தோத்த ஆட்டத்தை எவனாவது பார்ப்பானா ராய்ஸ்? அதுவும் நாளைக்கு நம்ம பள்ளி ஆட்டத்தை வச்சுக்கிட்டு? உட்காருப்பா," என்றார் ரஸ்க்.

அதுதான் எங்கள் ஊரின் கிறுக்கு. ஒவ்வோர் ஆட்டத்தையும் எல்லா வீட்டிலும் கேசட்டில் பதிவு செய்வோம். ஜெயித்ததைத் தேயத் தேயப் பார்ப்போம். தோற்றதைத் தொடமாட்டோம். தொட்டால் அடுத்த ஆட்டமும் போய்விடும் என்று ஒரு நம்பிக்கை. ஒன்று அதன்மேல் வேறு எதையாவது பதிவோம், இல்லாவிட்டால் கிறிஸ்துமஸ் ஜோடனைப் பெட்டியில் போட்டு கூரைக்கடியில் அட்டத்தில் ஏற்றிவிடுவோம். ஊர் முழுக்க முந்நூறு கேசட்டில் அந்தப் பந்து விழுந்திருக்கிறது. அது எப்படி விழுந்தது என்று ஒரு மனிதன் திரும்பிப் பார்க்கவில்லை. நானும்தான் பார்க்கவில்லை. என் கோபத்தில் பாதி என்மேல்.

ஓட்டெடுத்தார்கள். எதிர்த்து ஐந்து, ஆதரித்து இரண்டு. லவானுக்கு இடமில்லை.

மறுநாள் காலை அவனிடம் நான்தான் சொன்னேன். தலையை ஆட்டினான். பிறகு கேட்டேன், அன்று என்னதான் நடந்தது என்று. பதினோரு மாதமாக ஒருத்தரும் அவனைக் கேட்காத கேள்வி.

"பந்து என் கைக்கு வரவே இல்லண்ணே. இடுப்புல பட்டுச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாமேடா."

"யாருகிட்ட? சாக்கு சொல்றான்னுவாங்க. காலின்ஸ் வேற அன்னிக்கு ராத்திரி முழுக்க அழுதுகிட்டு இருந்தான். அவனைப் போய் எப்படிண்ணே?"

வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும் அட்டத்தில் ஏறினேன். என் மனைவி வில்மா அந்தக் கேசட்டின்மேல் தேவாலயத்துக் கிறிஸ்துமஸ் நாடகத்தைப் பதிந்திருந்தாள். தேவதை வேடம் போட்ட பிள்ளைகள் பாடி முடித்துக் கைதட்டல் வந்தது. கைதட்டலுக்கு நடுவே படம் குதித்து டென்சா மைதானம் வந்தது. மிஞ்சியது கடைசி நாலு நிமிடம். எனக்கு அது போதும். காலின்ஸ் அவசரத்தில் கையைத் தாழ்த்திவிட்டான். லவானின் இரண்டு கையும் வயிற்றுக்கு முன்னால் தொட்டில் மாதிரி திறந்திருக்கிறது. பந்து ஒரு சாண் கீழே இடுப்பெலும்பில் பட்டு விழுகிறது. வில்மா பார்த்துவிட்டு, "இந்தப் புள்ளையையா இத்தனை நாளா கரிச்சுக் கொட்டினோம்?" என்றாள்.

சனிக்கிழமை காலை ரஸ்க் தன் வண்டிக்கு நாலு புது டயர் போட வருவார் என்று எனக்குத் தெரியும். மத்தியானம் கஹாபா மைதானத்துக்குப் போகிறவர். வண்டியை லிஃப்டில் ஏற்றி நாலு சக்கரத்தையும் கழற்றச் சொன்னேன். சக்கரம் இல்லாமல் மனிதன் எங்கே போவான்? காத்திருப்பு அறையில் கேசட் போடுகிற டிவி ஒன்று இருக்கிறது. போட்டேன். அது என்னவென்று புரிந்ததும் ரஸ்க் எழுந்தார், ஜன்னல் வழியாக லிஃப்டைப் பார்த்தார், உட்கார்ந்தார்.

பந்து விழுந்தது. "இன்னொரு தடவை போடு," என்றார். போட்டேன். மூன்றாவது தடவை அவரே பொத்தானை அமுக்கி நிறுத்தி, திரைக்கு ஒரு சாண் பக்கத்தில் மூக்கை வைத்துப் பார்த்தார். டெல்பர்ட் கதவருகே கையில் எண்ணெய்த் துணியோடு நின்றுகொண்டிருந்தான்.

ரஸ்க் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"காலின்ஸ் இன்னிக்கு ஆடுறான்பா. இதை வெளிய சொல்லிக்கிட்டுத் திரியாதே."

அப்படியானால் லவான் விஷயம் என்று கேட்டேன்.

"ஓட்டெடுத்தாச்சேப்பா. அடுத்த வருஷம் பார்ப்போம். புது கேம் வரட்டும், மார்க்கை ஏத்துறானான்னு பார்க்கலாம். அவன் ஏத்தினா சங்கத்துல நானே பேசுறேன்."

கண்ணால் பார்த்துவிட்டு இதைச் சொல்கிறார். மூன்று தடவை பார்த்துவிட்டு. அடுத்த வருடத்து கேமில் லவான் இருக்கவே மாட்டான். கல்லூரியை விட்டுப் போனவனை அதில் எவன் வைப்பான்? அதைச் சொன்னேன். அதற்கு நான் என்ன செய்ய முடியும் என்பதுபோல் தோளைக் குலுக்கினார். என்னிடம் விட்டிருந்தால் அந்த வண்டி இன்றைக்கும் லிஃப்டில்தான் தொங்கிக்கொண்டிருக்கும்.

சக்கரங்களைத் திரும்ப மாட்டியது லவான். ஒரு நட்டை இறுக்கி, எதிர் நட்டுக்குப் போய், மறுபடி இந்தப் பக்கம் வந்து, நாலு சக்கரத்தையும் முறையாக முடித்தான். அறைக்குள் பேசியது எல்லாம் அவன் காதில் விழுந்திருக்கிறது, நடுவில் வெறும் பலகைச் சுவர்தானே. சாவியை ரஸ்க் கையில் வைத்தான்.

"ஐம்பது மைல் ஓடினதும் நட்டை ஒருவாட்டி இறுக்கிப் பாருங்க சார்."

ரஸ்க் நன்றி சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்க்காமல் வண்டி ஏறினார். அதற்குப் பிறகு அவர் டயருக்கு எங்கள் கடைக்கு வந்ததில்லை. வந்திருந்தால் நான் வெளியே போயிருப்பேன். சங்கத்துச் சந்தாவையும் அந்த மாதத்தோடு நிறுத்திவிட்டேன்.

சாப்பாட்டு நேரம். ரேடியோவில் ஆட்டத்துக்கு முந்தைய பேச்சு ஓடிக்கொண்டிருந்தது, நான் போய் அணைத்தேன். டெல்பர்ட் மெஷினை எடுத்துவந்து லவான் முன்னால் நீட்டினான்.

"மார்க்கையும் மாத்தலாம் தம்பி. தொண்ணூத்தொன்பது வரைக்கும் போகும். எந்தப் பொத்தான்னு காட்டட்டுமா?"

"மார்க் இருக்கட்டும்ணே. அது அவங்க போட்டது."

பெரிய விரல்கள் அவனுக்கு. வெண்ணெய்க்கையை ஓர் எழுத்து ஓர் எழுத்தாக அழித்தான். ஸ்ட்ரிப்ளிங் என்று அடித்து முடிக்க அரைச் சாப்பாட்டு நேரம் போயிற்று. பிறகு டென்சாவோடு ஆட்டத்தை வைத்து, ஒவ்வொரு முறையும் பந்தைத் தனக்கே கொடுத்துக்கொண்டான். நான் ஒரு பக்கம், டெல்பர்ட் ஒரு பக்கம், அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தோம். சின்னத் திரையில் கறுப்பு உறை போட்ட கை ஆட்களை இடித்துக்கொண்டு போயிற்று. காலடியில் சின்ன எழுத்தில் பெயர் வந்தது. வர்ணனைக்காரனுக்கு மட்டும் அந்தப் பெயர் தெரியவில்லை. "நாற்பத்து நாலு," என்றான். "மறுபடியும் நாற்பத்து நாலு." காலின்ஸை மட்டும் காலின்ஸ் என்றான். டெல்பர்ட் வர்ணனைக்காரனைக் கெட்ட வார்த்தையில் திட்டினான்.

ஆட்டத்தின் மூன்றாவது கால் பகுதியில், கோட்டுக்கு ஐந்து கஜத்தில், நாற்பத்து நாலு பந்தை விட்டான். டென்சா அதை எடுத்துக்கொண்டு ஓடியது. டெல்பர்ட் எண்ணெய்த் துணியை எடுத்துக் கையைத் துடைத்தான். நான் கூரையைப் பார்த்தேன். லவான் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அந்த வருடத்தில் அவன் பல் தெரிந்து நான் பார்த்தது அன்றுதான்.

"இது நான் விட்டது. பொத்தானை மாத்தி அமுக்கிட்டேன்," என்றான்.